மானாப்புல் அடைத்த ராசா

பதுளைக் கடைவீதியில் என் தேநீர்க் கடைக்கு எதிரே, படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே மாட்டியிருக்கும் அச்சுப் படங்களில் ராசாக்களும் சாமிகளும் நிற்கிறார்கள். கொஞ்ச காலமாக அவர்கள் எல்லாரும் மெலிந்து வருகிறார்கள். முன்பு வந்த படங்களில் ராசாவுக்குக் கன்னம் உப்பியிருக்கும், வயிறு இடுப்புப் பட்டிக்கு மேல் சற்று வழியும். இப்போதைய ராசாக்களுக்கு இடுப்பு ஒரு பிடிதான் இருக்கிறது. சென்ற வருடம் கொட்டகை போட்டு நாடகம் ஆடிய கம்பெனியிலும் ராசாவாக வந்தவன் ஒல்லியான பையன். முகத்தில் பவுடரைத் தவிர அவனிடம் கனமாக ஒன்றும் இல்லை.

அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொதலாளி, நீங்க மட்டும் அந்தக் காலத்துல இருந்திருந்தா ராசா வேஷம் ஒங்களுக்குத்தான்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே தேநீரை ஆற்றிக் கொடுத்தேன்.

நான் அந்தக் காலத்தில்தான் இருந்தேன். ராசா என்றால் பருமனாக இருக்க வேண்டும் என்று ஊரே நம்பிய காலத்தில், ஊரிலேயே பருமனான கூலியாள் நான்தான். ஆனாலும் ராசா வேஷத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. அதை அவரிடம் சொல்லத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து எல்ல பக்கம் போகிற மலைச்சரிவில் இருந்தது. நான் தாயின் இடுப்பில் உட்கார்ந்தபடி திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவன். முப்பது வயதில் கவ்வாத்துக் கூட்டத்தில் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்கும் போனதில்லை. தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் இருந்த கூத்துப் பாட்டுக் கொப்பியைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டப் பழகினேன்.

ஆடி மாதம் எங்கள் பக்கம் மழை இருக்காது. வறண்ட கச்சான் காற்று அடித்துக் கொழுந்து நின்றுவிடும், குழாயில் தண்ணீர் நூலாக வரும். அப்போதுதான் அம்மனுக்குக் காப்புக் கட்டிப் பதினைந்து நாள் விரதம் இருந்து, கடைசி ஞாயிற்றுக்கிழமை கூத்து ஆடுவோம். மேகங்களைப் பிடித்துக் குகைக்குள் அடைத்து வைத்த அசுரனோடு ஒரு ராசா சண்டைக்குப் போவார், அடிபட்டு விழுவார், மறுபடி எழுந்து அசுரனைக் கொன்று மழையைக் கொண்டு வருவார். பகலில்தான் ஆடுவோம். இரவில் கூத்து நடந்தால் மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் குறையும் என்று துரை அனுமதிக்கவில்லை.

ராசா வேஷம் கட்டியவன், கூலியாட்களுக்கு வரிசையாக அறை கட்டிவிட்டிருந்த எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவன். என்னை விட மூன்று நான்கு வயது இளையவன், என்னோடு கவ்வாத்துக்கு வருகிறவன், என்னை அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். நல்ல மூக்கு, பெரிய கண். ஆனால் சட்டையைக் கழற்றினால் எலும்பை எண்ணிவிடலாம். ஆகவே அவனை ராசாவாக்குவது ஒரு மணி நேர வேலை. ஊர்ப்பக்கம் என்றால் வைக்கோல் வைத்துக் கட்டுவார்களாம். எங்களுக்கு வைக்கோலுக்கு எங்கே போவது? மலை முழுக்க நிற்கிற மானாப்புல்லை அறுத்துக் காயவைத்து, அரிசிச் சாக்கைத் தைத்த உள்சட்டைக்குள் திணிப்போம். நெஞ்சுக்கு ஒரு கட்டு, தோளுக்கு இரண்டு, வயிற்றுக்குப் பெரிய கட்டு ஒன்று. அதற்கு மேல் ஜிகினாச் சட்டை, தோளில் மரத்தில் செய்த புஜக்கட்டைகள், தலையில் கிரீடம். மானாப்புல்லின் ஓரம் கத்தி மாதிரி. கூத்து முடிந்து அவிழ்க்கும்போது அவன் உடம்பெல்லாம் கீறியிருக்கும்.

அந்தப் புல்லைத் திணிக்கிற வேலை வருடா வருடம் என்னுடையது. இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. அவனுக்குக் குரல் மெல்லியது, மேல் சுருதிக்குப் போனால் உடையும். அதனால் ராசாவின் பெரிய பாட்டுகளைத் திரைக்குப் பின்னால் நின்று நான் பாடுவேன், அவன் முன்னால் நின்று வாயசைப்பான். புல் பாதி, நான் பாதி, நடுவே கொஞ்சம் அவன். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சனங்கள் ராசா என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

எனக்கு ராசா வேஷம் கட்ட ஆசை. சின்ன ஆசை இல்லை. கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நிற்கும்போதெல்லாம் மனதுக்குள் போர்க்களத்தில் நிற்பேன். எல்லாப் பாட்டும் எனக்குப் பாடம். ஜிகினாச் சட்டை புல் இல்லாமலே எனக்குச் சரியாக இருக்கும் என்பதும் தெரியும், ஒருமுறை யாரும் இல்லாதபோது போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் பூசாரி எனக்குக் கொடுத்தது கோமாளி வேஷம். நான் வந்து நின்றாலே சனம் சிரிக்கும், வசனமே வேண்டாம். வயிற்றைத் தட்டிக்கொண்டு "பசிக்குதே" என்று சொன்னால் போதும். இரண்டு வருடம் சொன்னேன். மூன்றாம் வருடம் முடியாது என்றேன். அதற்குப் பிறகு பின்பாட்டு மட்டும்.

என் உடம்பு எப்படி இப்படி ஆனது என்று எனக்கே தெரியாது. என் தாயும் இப்படித்தான் இருந்தாள். எல்லாருக்கும் அளந்து கொடுத்த அரிசியைத்தான் எனக்கும் கொடுத்தார்கள், எல்லாரும் தின்ற ரொட்டியைத்தான் நானும் தின்றேன். ஆனால் லயத்தில் அதை நம்ப யாரும் தயாராக இல்லை. எங்களுக்குத் தெரிந்த பருமனான ஆட்கள் மூன்று பேர்தான்: பெரிய கங்காணி, துரை பங்களாவின் சமையல்காரன், டவுனில் கடை வைத்திருந்த செட்டியார். மூவரும் மற்றவர்கள் வாய்க்குச் சோறு போகிற வழியில் உட்கார்ந்திருந்தவர்கள். அப்படியானால் கூலி வேலை செய்கிற ஒருவன் பருமனாக இருந்தால் அவனும் எங்கேயோ யாருடைய வாயிலிருந்தோ எடுத்திருக்க வேண்டும் என்று சனங்கள் முடிவு கட்டியதை என்னால் இப்போது புரிந்துகொள்ள முடிகிறது. அப்போது முடியவில்லை. பீப்பா என்று கூப்பிட்டார்கள். அரிசி மூட்டை என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டபோதெல்லாம் ஆத்திரம் வந்தது, சிரித்து வைத்தேன்.

என்னை விட என் மனைவிதான் அதிகம் கேட்டாள். அவள் சிறு கூடு, காய்ச்சல் வந்து போன உடம்பு. குழாயடியில் பெண்கள் அவளைப் பார்த்து, "ஏன்டி, ஓம் பங்கையும் அந்த மனுசன்தான் திங்கிறாரா?" என்பார்கள். ஆரம்பத்தில் அவள் விடமாட்டாள். "ஆமா, நான்தான் உருட்டி உருட்டிக் குடுக்குறேன், ஒங்களுக்கு என்னா எரியுது?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். கல்யாணமாகி ஏழெட்டு வருடம் போனதும் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். பேச்சு ஓய்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் பூசாரியிடம் நேராகவே கேட்டேன். காப்புக் கட்டுவதற்கு முந்தின வாரம், கோயில் முன்னால், பெரிய கங்காணியும் கூட இருந்தார்.

"சாமி, இந்தத் தடவ ராசா வேஷத்த நான் கட்டுறேனுங்க."

பூசாரி கங்காணியின் முகத்தைப் பார்த்தார். கங்காணி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "ராசா வேஷம்னா சும்மாவா? பதினஞ்சு நாளு ஒரு வேளச் சோறுடா. நீ ஒரு நாளு தாங்குவியா?"

"தாங்குவேனுங்க."

"தாங்குற ஒடம்பாடா இது?"

அவர் சொன்னபோது அவருடைய வெள்ளிக் கடிகாரச் சங்கிலி வயிற்றின் மேல் படுத்திருந்தது. அவர் வயிறு என் வயிற்றை விடப் பெரியது. அதை ஐசுவரியம் என்றார்கள். பின்பாட்டுக்காரனுக்கும் காப்பு உண்டு, விரதம் உண்டு. சரி, அதையாவது ஒழுங்காக இருந்து காட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

காப்புக் கட்டும் காலையில் எல்லாரும் வரிசையாக நின்றோம். மஞ்சள் நனைத்த நூல் கயிறுகளைப் பூசாரி தன் மணிக்கட்டில் அளந்து ஒரே அளவாக வெட்டி வைத்திருந்தார். பெரிய கங்காணிக்கு மட்டும் தனியாக, நீளமாக, தட்டில் வைத்து எடுத்து வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. என் முறை வந்தபோது கயிறு பற்றவில்லை. பூசாரி இழுத்தார், நான் கையைக் குறுக்கினேன். இரண்டு நுனியும் தொட்டுக்கொண்டனவே தவிர முடிச்சு விழவில்லை. "இன்னொரு கயித்த ஒட்டுப் போடுங்க சாமி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, வரிசை முழுக்கச் சிரித்தது. கடைசியில் பூசாரி பல்லைக் கடித்து இழுத்து ஒரே முடிச்சாகப் போட்டார். கயிறு சதையில் பதிந்தது. நகம் நுழைய இடம் இல்லை.

விரத நாட்களில் மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பாடு. மற்றவர்கள் தங்கள் தங்கள் காம்பராவுக்குள் போய்ச் சாப்பிட்டார்கள், உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எத்தனை பிடி என்று பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன். காலையில் வெறும் தேத்தண்ணீர், மாலையில் அதுவும் இல்லை. வெயிலில் கவ்வாத்து வெட்டும்போது கண்ணில் பூச்சி பறந்தது. பக்கத்து நிரையில் என் ராசா வெட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு விரதத்துக்கு முன்பே உடம்பில் ஒன்றும் இல்லை, விரதத்தில் அவன் கன்னம் உள்ளே போனது. "பாவம், என்னமா வெரதம் இருக்கான்" என்று எல்லாரும் அவனைச் சொன்னார்கள். என் வயிற்றில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நானும் தினம் தடவிப் பார்த்தேன், அது அப்படியே இருந்தது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, கத்தியைத் தீட்டும்போது கயிறு மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன், போயிற்று. மறுநாளும் விட்டுப் பார்த்தேன். பதினான்காம் நாள் விரல் உள்ளே போய் இன்னும் இடம் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. யாரிடமும் காட்டவில்லை. விரதம் இருக்கிறவன் பெருமை பேசக் கூடாது என்று நினைத்தேன், மடையன்.

கூத்தன்று காற்று அனலாக வீசியது. தகரக் கூரை போட்ட, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் வெட்டவெளியில் திரை கட்டியிருந்தோம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனம் வந்திருந்தது. வழக்கம்போல நான் புல் திணித்தேன். அன்று வழக்கத்தை விட அதிகம் தேவைப்பட்டது. வயிற்றுக் கட்டை இறுக்கும்போது அவன், "அண்ணே, தல சுத்துது" என்றான். "கொஞ்ச நேரம்தான், தம்பி. முடிஞ்சதும் படுத்துக்கலாம்" என்றேன். அவன் வெளியே போய் நின்றதும் சனம் எழுந்து கும்பிட்டது. அகன்ற நெஞ்சு, உருண்ட தோள், நிறைந்த வயிறு. அதைப் பார்த்துக் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

போர்க்களக் காட்சியில், கூத்துப்படி விழ வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே அவன் விழுந்தான். அசுரனின் கத்தி அவன் பக்கத்தில் கூடப் போகவில்லை. நின்றவன் அப்படியே முகம் குப்புற விழுந்தான். கிரீடம் உருண்டது. வயிற்றுப் பக்கம் தையல் விட்டு மானாப்புல் கொட்டியது, காற்று அதை எடுத்துச் சனத்தின் மேல் தூவியது. முதலில் சில பேர் சிரித்தார்கள். பிறகு அவன் எழவில்லை என்று தெரிந்ததும் சத்தம் அடங்கிவிட்டது.

பசியால் விழுந்தவன் அவன். பார்த்த எவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் யாரோ, "காப்புக் கட்டுன எவனோ வெரதத்தக் கெடுத்துட்டான்" என்றார்கள். உடனே எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்கு வந்தது. நான் அவன் தலையைத் தூக்கி மடியில் வைக்க ஓடி வந்திருந்தேன், திரைக்கு வெளியே எல்லாரும் பார்க்கிற இடத்தில் நின்றிருந்தேன்.

பெரிய கங்காணி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"தின்னியாடா?"

"இல்லீங்க ஐயா."

"பின்ன இது என்னா?" என்று குடையின் நுனியால் என் வயிற்றில் குத்தினார். கூட்டம் சிரித்தது. ஒருவன் மண்ணில் மயங்கிக் கிடக்கும்போது சிரித்தது.

"அம்மன் மேல சத்தியமா இல்லீங்க. ஒரு வேளதான் சாப்பிட்டேன். வாசல்ல வச்சுத்தான் சாப்பிட்டேன், எல்லாரும் பாத்தாங்க."

"வாசல்ல ஒரு வேள. உள்ள எத்தன வேள?" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

விரதம் கெட்டவனின் காப்பைக் கோயில் பெரியவர் அறுத்துவிட வேண்டும் என்பது வழக்கம். கங்காணி பாக்கு வெட்டுகிற பேனாக்கத்தியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவர் கத்தியைக் கயிற்றுக்கு அடியில் நுழைத்தார். அது தடையில்லாமல் நுழைந்தது. கத்தியின் அகலம் முழுவதும் உள்ளே போய்த் திரும்பி நின்றது, என் தோலை எங்கேயும் தொடவில்லை. காப்புக் கட்டிய அன்று நகம் நுழையாத இடம் அது, அவர் பக்கத்தில் நின்று பார்த்த இடம். அவர் கை நின்றது. கயிற்றைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது சந்தேகம் இல்லாமல் எனக்கும் தெரிந்தது.

பிறகு அறுத்தார்.

கீழே விழுந்த கயிற்றைக் குனிந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். அவரை அங்கேயே கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல் இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய் நின்றேன்.

ராசா விழுந்த இடத்தோடு கூத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் மேகம் அசுரனிடமே இருந்துவிடும், அந்த வருடம் மழையே வராது என்பது நம்பிக்கை. தண்ணீர் தெளித்ததில் அவனுக்கு நினைவு வந்திருந்தது. புல் பாதிக்கு மேல் கொட்டிப்போய் ஜிகினாச் சட்டை அவன் மேல் தொங்கியது. எழுந்து நிற்க முடியாமல் பெஞ்சில் சாய்த்து வைத்திருந்தார்கள். மீதிப் பாட்டு முழுவதும் தெரிந்தவன் ஒருவன்தான். பூசாரி என்னிடம் வந்து கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "நீ பாடிரு. தெரைக்குப் பின்னால நின்னா தோசமில்ல."

"காப்பு இல்லாதவன் பாடலாமாங்க சாமி?"

"தெரைக்குப் பின்னாலதானே" என்றார் மறுபடியும்.

அப்படியே நடந்து வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் பெஞ்சிலிருந்து அவன் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க பாடலேன்னா என்னால எந்திரிக்க முடியாதுண்ணே" என்றான். காப்பு அறுத்தது அவனுக்குத் தெரியாது, அப்போது அவன் நினைவில்லாமல் கிடந்தான். அவனுக்காகப் பாடினேன். விழுந்த ராசா எழுகிற பாட்டு அது. இருந்த ஆத்திரத்தை எல்லாம் அதில் போட்டேன். அப்படி ஒரு நாளும் நான் பாடியதில்லை, பிறகும் பாடவில்லை. அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று வாயசைத்தான். திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பெரிய கங்காணியும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையாகவும் இருக்கலாம்.

மாலையில் எல்லாரும் ஓடைக்குப் போய்க் காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார்கள். நான் போகவில்லை. காம்பராவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அடுப்பைப் பற்ற வைத்தாள், ஊதினாள், அணைத்தாள், மறுபடி பற்ற வைத்தாள். அவளுக்கு வேலை ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என்னாங்க, நெசமாவே ஒண்ணும் திங்கலயா?"

கங்காணி அறுத்தது கயிற்றை. இது எங்கே அறுத்தது என்று எனக்குத் தெரியும். பதினைந்து நாளும் எனக்குச் சோறு போட்டவள் அவள். ஒரே அறையில், ஒரே பாயில் படுத்தவள். என் வயிறு இரைவதைப் பக்கத்தில் இருந்து கேட்டவள். அவளுக்கே என் சொல்லை விட என் உடம்பு பெரிய சாட்சியாகிவிட்டது. குழாயடிப் பேச்சு ஓய்ந்தது என்று நான் நினைத்தது தவறு. அது அவளுக்குள்ளே இறங்கிவிட்டிருந்தது.

மடியிலிருந்து கயிற்றை எடுத்துத் தரையில் வைத்தேன். அவள் அதையும் என்னையும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்து, மஞ்சள் கறை வளையமாக இருந்த இடத்தில் கயிற்றைச் சுற்றினாள். கட்டிய அன்று நுனியோடு நுனி தொட்டு நின்ற கயிறு இப்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது, முழுசாக ஒரு விரல் அகலம். இழுத்துப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள், மறுபடி சுற்றிப் பார்த்தாள். அப்புறம் என் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நானே கேட்டுட்டேனே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் காலை பெரட்டுக்குக் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எல்லாரும் நிற்கும்போது பெரிய கங்காணியின் கையில் கொடுத்து, என் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லப் போகிறாளாம். வேண்டாம் என்றேன்.

"அவரு பாக்கட்டும். பாத்தா தெரிஞ்சுக்குவாரு."

"அவரு பாத்தாச்சு" என்றேன். "கத்திய உள்ள விட்டப்பவே தெரிஞ்சுருச்சு."

"தெரிஞ்சுமா அறுத்தாரு?" என்றாள், கயிற்றைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்வியை வெகு காலம் சுமந்தேன். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் லேசாகப் போயிருக்கும். ஆனால் அவர் சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருகிறவர், காய்ச்சல்காரர்களுக்குக் கசாயம் கொடுத்து அனுப்புகிறவர். எனக்கு இப்போது தோன்றுவது இதுதான்: அன்று கூட்டம் ஒரு வயிற்றைத் தேடிக்கொண்டிருந்தது. என் வயிறு குற்றவாளி இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அந்தக் கண்கள் அடுத்து எங்கே போயிருக்கும்? அந்த மைதானத்தில் இன்னொரு பெரிய வயிறு ஒன்றுதான் இருந்தது, அதன் மேல் வெள்ளிச் சங்கிலி கிடந்தது. அதை அவர் யோசித்து அறுத்தாரா, யோசிக்காமல் அறுத்தாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

எட்டாம் நாள் மழை பெய்தது. கெட்டுப்போன காப்பை அறுத்ததால் தோஷம் கழிந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

நாங்கள் எப்படிப்பட்ட சனங்கள் என்று இந்தக் கடையில் உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பதுண்டு. எங்கள் யாருக்கும் கிடைக்காத சதையைப் புல்லால் செய்து மேடையில் ஏற்றிக் கும்பிட்டோம். அதே சதை எங்களில் ஒருவன் மேல் உண்மையாக இருந்தபோது திருட்டுச் சொத்தைப் பார்ப்பது போலப் பார்த்தோம். பசித்தவர்களுக்கு ராசா பருமனாக இருந்தாக வேண்டும், ஆனால் அவர் பக்கத்துக் காம்பராவில் இருக்கக் கூடாது. இன்றைக்கு டவுனில் வயிறு நிறைந்தவர்கள் பெருகிவிட்டார்கள், அவர்களுடைய ராசாக்கள் மெலிந்துவிட்டார்கள். இரண்டிலும் எனக்கு இடம் இல்லை. எதிர்க் கடைப் படங்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, சில நாள் வராது.

மறு வருடம் ஆடி பிறந்ததும் என் ராசா பூசாரியிடம் போய், இனிமேல் வேஷம் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். "அண்ணன் கட்டட்டும். இல்லேன்னா எவனும் கட்ட வேணாம்" என்றானாம். காப்பு அறுத்த விஷயத்தை என் மனைவி அவனிடம் சொல்லியிருந்தாள். அவனுக்கு முன்பே பெரிய கங்காணியும் பூசாரியிடம் பேசியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு ஆள் அனுப்பினார்கள். ராசா வேஷம் எனக்கு, புல் வேண்டாம், சட்டை சரியாக இருக்கும் என்றார்கள். அந்த ஆசை போய்விட்டது என்று நான் சொல்லித் திரிந்துகொண்டிருந்தேன். வந்த ஆள் பேசி முடிக்கும் முன்பே சரி என்றேன்.

காப்புக் கட்டும் காலையில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பூசாரி தட்டில் இருந்த கயிறுகளைத் தொடவில்லை. பெரிய கங்காணி எழுந்து வந்தார். அவர் கையில் தனியாக ஒரு கயிறு இருந்தது, மஞ்சள் பூசி, மடித்து வைத்திருந்தார். ஒரு வருடமாக என் முகத்தைப் பார்க்காதவர் அன்று பார்த்தார்.

"ஒனக்குன்னு தனியா வெட்டச் சொன்னேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "போன தடவ மாதிரி இறுக்காது."

அது அவரால் கேட்க முடிந்த மன்னிப்பு. எனக்கு அது புரிந்தது, என் கண்ணும் கலங்கியது. பின்னால் யாரும் சிரிக்கவில்லை. கையை நீட்டினேன். அவரே கயிற்றைச் சுற்றினார். ஒரு சுற்று வந்தது. கயிறு மீதி இருந்தது. இன்னொரு சுற்று வந்தது. அதற்குப் பிறகும் ஒரு சாண் தொங்கியது.

அவர் முடிச்சுப் போடாமல் நின்றார். நாங்கள் இருவரும் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண்ணில் நான் எவ்வளவு பெரியவனாக இருந்தேனோ அவ்வளவு நீளம் அது.

"ரெண்டு சுத்தாவே கட்டிருங்க ஐயா" என்றேன்.